12 மாதத்தில் நர்ஸ்: எண்ணிக்கை எங்கே தொடங்குகிறது?

அமெரிக்காவில் வேறு துறையில் ஒரு பட்டத்தை வைத்துக்கொண்டு நர்சிங் பக்கம் திரும்புகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது ஏபிஎஸ்என் என்ற துரித நர்சிங் படிப்பின் விளம்பரம்தான். 12 மாதம், 14 மாதம், 16 மாதம் என்று ஆளுக்கொரு எண் போட்டிருக்கும். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கணக்கு வகுப்பின் முதல் நாளில் தொடங்கி கடைசிப் பரீட்சையில் முடிகிறது. உங்கள் கணக்கு இன்றைக்குத் தொடங்கி, முதல் சம்பளம் வங்கியில் விழும் நாளில்தான் முடியும். இந்த இரண்டுக்கும் நடுவில் சாதாரணமாக ஒன்றரை வருடம் ஒளிந்திருக்கிறது.

முதலில் பாதைகள். சமுதாயக் கல்லூரியில் ஏடிஎன், அதாவது இளநிலைக்கு ஒரு படி கீழான நர்சிங் பட்டம்: நர்சிங் பாடங்கள் மட்டும் 4 செமஸ்டர். பல்கலைக்கழகத்தில் வழக்கமான பிஎஸ்என், அதாவது நர்சிங் இளநிலைப் பட்டம்: 4 வருடம், சுமார் 120 கிரெடிட். ஏற்கெனவே வேறு பட்டம் இருப்பவர்களுக்கான துரித பிஎஸ்என், அதாவது ஏபிஎஸ்என்: 11 முதல் 18 மாதம். செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 1971-ல் ஆரம்பித்து வைத்த முறை இது. கடைசியாக, நர்ஸ் அல்லாதவர்கள் நேராக நர்சிங் முதுநிலையில் சேரும் எம்எஸ்என். நான்கில் எதை முடித்தாலும் எழுதுவது ஒரே என்சிலெக்ஸ்-ஆர்என் உரிமத் தேர்வு, கிடைப்பது ஒரே ஆர்என் (பதிவு பெற்ற நர்ஸ்) உரிமம். நோயாளியின் படுக்கையருகே வேலை தொடங்கும்போது இவர்களுக்குள் சம்பள வித்தியாசம் இருந்தாலும் சிறிதுதான். நேரடி எம்எஸ்என் முடித்தாலே நர்ஸ் பிராக்டிஷனர் (நோயைக் கண்டறிந்து மருந்து எழுதித் தரும் உயர்நிலை நர்ஸ்) ஆகிவிடலாம் என்று நினைத்துச் சேருகிறவர்கள் நிறையப் பேர். பல கல்லூரிகளில் அந்தப் பட்டம் பொது நர்சிங் பட்டம்தான். பிராக்டிஷனர் ஆக அதற்கு மேலும் படிக்க வேண்டும். சேருமுன் ‘முடித்தபின் எந்தச் சான்றிதழ் தேர்வு எழுதத் தகுதி வரும்?’ என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

முன்தேவைப் பாடங்கள்: யாரும் எண்ணாத வருடம்

ஏபிஎஸ்என் வகுப்பில் உட்காருவதற்கு முன் முடித்திருக்க வேண்டிய பாடங்களை எல்லோரும் ‘ப்ரீரெக்’ என்பார்கள். உடற்கூறியலும் உடலியங்கியலும் இரண்டு பாகம், ஆய்வகத்தோடு (சேர்த்து 8 கிரெடிட்). நுண்ணுயிரியல் ஆய்வகத்தோடு (4). புள்ளியியல், ஊட்டச்சத்து, மனித வளர்ச்சி உளவியல், ஒவ்வொன்றும் 3. சில இடங்களில் வேதியியலும் உண்டு. முதல் பாகத்தை முடிக்காமல் உடற்கூறியல் இரண்டாம் பாகத்தில் சேர விட மாட்டார்கள். அதனால் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இரண்டு செமஸ்டர் கட்டாயம் போகும். கோடை வகுப்பில் ஒன்றை அடக்கலாம். 8 வாரத்தில் உடற்கூறியல் படிப்பது எப்படியிருக்கும் என்பதை அந்த 8 வாரமே சொல்லிவிடும்.

பொறியியலோ வணிகவியலோ படித்தவருக்கு இதில் அனேகமாக எல்லாமே புதிது. இந்தியாவில் பி.எஸ்சி. விலங்கியல் படித்தவர்கள்தான் ஏமாறுவார்கள். ‘உடலியங்கியல் படித்திருக்கிறேனே’ என்று நம்பிக் காத்திருப்பார்கள். ஆனால் ஆய்வகக் கிரெடிட் தனியாகக் காட்டப்பட்டிருக்காது. காட்டியிருந்தாலும் காலாவதி ஆகியிருக்கும். அறிவியல் பாடங்களுக்கு 5, 7 அல்லது 10 வருடம் என்று கல்லூரிக்குக் கல்லூரி ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். புள்ளியியலுக்கு வரம்பு வைக்காத இடங்கள் உண்டு. கேட்டால் 3 கிரெடிட் மிச்சமாகலாம்.

வெளிநாட்டுப் பட்டத்துக்கு மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். பட்டத்தை மட்டும் மதிப்பிடும் மலிவான அறிக்கை போதாது. பாடவாரியான அறிக்கை கேட்பார்கள். டபிள்யூஇஎஸ் போன்ற நிறுவனத்தில் விண்ணப்பிக்குமுன், உங்கள் பட்டியலில் உள்ள கல்லூரிகள் எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்கின்றன என்று பாருங்கள். நான்கு வருட பி.இ., பி.டெக். பட்டங்களுக்குச் சிக்கல் குறைவு. மூன்று வருட பி.எஸ்சி., பி.காம். பட்டங்களை எல்லா நிறுவனமும் எல்லாக் கல்லூரியும் அமெரிக்க இளநிலைக்குச் சமமாக எடுத்துக்கொள்வதில்லை. ‘மூன்று வருட இளநிலைப் படிப்பு’ என்று மட்டும் அறிக்கை வந்தால் ஏபிஎஸ்என் கதவு அங்கேயே மூடிவிடும். ஏடிஎன்னுக்கு அந்தத் தடை கிடையாது, ஏனென்றால் அது முந்தைய பட்டத்தையே கேட்பதில்லை. மதிப்பெண்ணைப் பற்றி வீணாகப் பயப்பட வேண்டாம். இந்தியப் பல்கலைக்கழகத்தின் முதல் வகுப்பு, மதிப்பீட்டில் பெரும்பாலும் நல்ல கிரேடாகத்தான் மாறுகிறது. பெரும்பாலான இடங்கள் கேட்கும் 3.0 ஜிபிஏவை (4-க்குக் கணக்கிடும் கிரேடு சராசரி) தாண்டுவது அதனால் சிரமமில்லை. ஆங்கில வழியில் படித்திருந்தாலும் டோஃபல் கேட்கும் இடங்கள் உண்டு.

டெக்சாஸில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே அரசுப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் வாங்க அமெரிக்க வரலாறு 6 கிரெடிட், அரசியல் 6 கிரெடிட் என்பது மாநிலச் சட்டம். அமெரிக்கப் பட்டம் இல்லாதவர்களுக்கு இந்த 12 கிரெடிட் பல சமயம் கடைசி நேரத்தில்தான் தெரியவருகிறது.

நுழைவுத் தேர்வு பெரும்பாலும் டீஸ், சில இடங்களில் ஹெசி ஏ2. டீஸ் 170 கேள்வி, 209 நிமிடம்: வாசிப்பு 45, கணக்கு 38, அறிவியல் 50, ஆங்கிலம் 37. பொறியியல்காரர்கள் கணக்கில் நேரத்தைச் செலவழித்துத் தயார் செய்வது வீண். மதிப்பெண் போவது அறிவியலிலும் ஆங்கில இலக்கணத்திலும்தான். உடற்கூறியல் இரண்டாம் பாகம் முடிந்த சூட்டோடு எழுதினால் அறிவியல் பகுதியில் பாதி வேலை தானாக முடிந்திருக்கும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். ப்ரீரெக் 10 முதல் 12 மாதம். விண்ணப்பக் கெடு பெரும்பாலும் வகுப்பு தொடங்குவதற்கு அரை வருடம் முன்பே முடிந்துவிடும். ஒன்றிரண்டு பாடம் பாக்கி இருக்கும்போதே விண்ணப்பிக்க விடும் கல்லூரி கிடைத்தால் இந்தக் காத்திருப்பு குறையும். படிப்பு 16 மாதம். பிறகு பட்டம் பதிவாகி, மாநில வாரியம் தகுதி பார்த்து, தேர்வுக்கான அனுமதிக் கடிதம் வந்து, தேர்வு எழுதி, உரிமம் வர ஒன்று முதல் மூன்று மாதம். அதன்பின் மருத்துவமனையின் புதுநர்ஸ் ரெசிடென்சி (பயிற்சியோடு கூடிய முதல் வேலை) அடுத்த பேட்ச் எடுக்கும்வரை காத்திருப்பு. இரண்டரை வருடத்துக்குக் குறையாது. ஏடிஎன் வழியில் இதே கணக்கு மூன்று, மூன்றேகால் வருடம் வரும். வித்தியாசம் 6 முதல் 9 மாதம்தான். ஒரு வருடப் படிப்புக்கும் நான்கு வருடப் படிப்புக்கும் நடுவில் தேர்ந்தெடுப்பதுபோல விளம்பரம் காட்டுகிறது. நிஜத்தில் நீங்கள் வாங்குவது அந்த 6 முதல் 9 மாதத்தை. அதற்கு என்ன விலை கொடுக்கலாம் என்பதுதான் கேள்வி. ஆர்என்களின் இடைநிலைச் சம்பளம் மே 2024-ல் வருடத்துக்கு 93,600 டாலர் என்கிறது தொழிலாளர் புள்ளிவிவரத் துறை. புதியவருக்கு அதைவிடக் குறையும். வரி போக 6 மாதச் சம்பளம் எவ்வளவு தேறும் என்று பார்த்து, இரண்டு கல்லூரிகளின் கட்டண வித்தியாசத்தோடு ஒப்பிடுங்கள். தனியார் ஏபிஎஸ்என் கட்டணம் 60,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம்.

சமுதாயக் கல்லூரியிலும் வலி இல்லாமல் இல்லை. சில இடங்களில் காத்திருப்புப் பட்டியல், சில இடங்களில் குலுக்கல், சில இடங்களில் புள்ளிக் கணக்கு. இரண்டு வருடம் காத்திருக்கச் சொல்லும் கல்லூரி என்றால் மேலே போட்ட கணக்கு தலைகீழாகிவிடும். அதனால் உங்கள் மாவட்டத்துக் கல்லூரியின் சேர்க்கை முறை தெரியாமல் எந்தப் பக்கமும் முடிவெடுக்க முடியாது.

60 கிரெடிட்டை எத்தனை மாதத்தில் அடைக்கிறார்கள்

ஏபிஎஸ்என்னில் நர்சிங் கிரெடிட் சுமார் 60. அதை 12 மாதத்தில் முடித்தால் மூன்று டேர்ம், டேர்முக்கு 20. 16 மாதம் என்றால் நான்கு டேர்ம், டேர்முக்கு 15. கேட்க 5 கிரெடிட் வித்தியாசம்தான். வாரக் கணக்காக மாற்றினால்தான் உறைக்கும். கிளினிக்கல், அதாவது மருத்துவமனையில் நேரடிப் பயிற்சி, ஒரு கிரெடிட் என்பது வழக்கமாக வாரம் 3 மணி நேரம். 20-ல் 14 வகுப்பு, 6 கிளினிக்கல் என்று வைத்தால் நேரில் இருக்க வேண்டியது 14 கூட்டல் 18, ஆக 32 மணி. வகுப்பு ஒரு மணிக்கு வீட்டில் இரண்டு மணி படிப்பு என்று போட்டால் இன்னும் 28. வாரம் 60 மணி. 15 கிரெடிட்டில் 10 வகுப்பு, 5 கிளினிக்கல் என்றால் 25 கூட்டல் 20, ஆக 45 மணி. 45 மணி என்பது ஒரு முழுநேர வேலை. பெரும்பாலான குடும்பங்கள் தாங்கும். 60 மணியைத் தாங்க வீட்டில் வேறொருவர் சமையல், பிள்ளைகள், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் ஒரு வருடம் முழுதாக எடுத்துக்கொள்ள வேண்டும். ‘உதவி செய்கிறேன்’ என்று சொல்லும் துணை போதாது. கிளினிக்கல் நாளில் காலை ஆறரைக்கு வார்டில் இருக்க வேண்டும், 12 மணி நேர ஷிஃப்ட், கல்லூரி காட்டும் மருத்துவமனை ஒரு மணி நேரத் தூரத்திலும் இருக்கலாம். பிள்ளையை யார் பள்ளிக்கு அனுப்புவது என்பதற்கு இரண்டு பேரின் பெயர் தயாராக இல்லாவிட்டால் 12 மாதப் படிப்பைத் தொடவே வேண்டாம்.

கையேட்டில் படிக்க வேண்டிய ஒரே பக்கம்

ஒரு கல்லூரியை எடைபோட ஒரே ஒரு கேள்விக்குத்தான் இடம் என்றால், ‘ஒரு பாடத்தில் தவறினால் என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். பதில் மாணவர் கையேட்டில் ‘முன்னேற்ற விதிகள்’ பகுதியில் இருக்கும். பல கல்லூரிகள் இணையத்திலேயே வைத்திருக்கின்றன. முன்பணம் கட்டும்வரை காட்ட மாட்டோம் என்று சொல்லும் இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.

அங்கே தேட வேண்டியவை இவை. தேர்ச்சி வரம்பு என்ன: நர்சிங்கில் 75, 77, 78 சதவீதம் என்று வைத்திருப்பார்கள். 76.9 என்பது 77 அல்ல. முழுமையாக்க மாட்டோம் என்று எழுதியே வைத்திருப்பார்கள். தேர்வுச் சராசரி மட்டும் தனியாக அந்த வரம்பைத் தாண்ட வேண்டுமா? அப்படியானால் ஒப்படைவுகளில் நூற்றுக்கு நூறு வாங்கியும் பயனில்லை. மருந்தளவுக் கணக்குத் தேர்வில் 90 வேண்டுமா, 100 வேண்டுமா, எத்தனை வாய்ப்பு? ஒரு பாடத்தில் தவறினால் அதே பாடம் மறுபடி எப்போது வரும்? வருடத்துக்கு மூன்று பேட்ச் எடுக்கும் கல்லூரியில் நாலு மாதம் காத்திருந்தால் அடுத்த பேட்சோடு சேர்ந்துவிடலாம். வருடத்துக்கு ஒரே பேட்ச் எடுக்கும் கல்லூரியில் ஒரு வருடம் வீட்டில் உட்கார வேண்டும். அந்த நாளிலேயே 12 மாதப் படிப்பு 24 மாதப் படிப்பாகிவிடும். இரண்டாவது முறை தவறினால் அனேகமாக எல்லா இடத்திலும் வெளியேற்றம்தான்.

வெளியேறினால் அடுத்த கல்லூரியில் தொடரலாமே என்று நினைக்காதீர்கள். நர்சிங் பாடக் கிரெடிட்டைக் கல்லூரி மாற்றிக்கொள்வது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அதற்கு மேல், முந்தைய நர்சிங் கல்லூரியிலிருந்து ‘நல்ல நிலையில் விலகினார்’ என்ற கடிதத்தையும் புதிய கல்லூரி கேட்கும். போட்ட பணமும் நேரமும் அப்படியே போகும். வேகம் கூடக் கூட இந்த இழப்பின் வாய்ப்பும் கூடுகிறது. 15 வார டேர்மில் முதல் தேர்வில் 68 வாங்கினால் மீண்டு வர அவகாசம் உண்டு. 7 வார மாட்யூலில் முதல் தேர்வு முடிவு வரும்போதே பாதிப் பாடம் போயிருக்கும்.

நர்சிங் தேர்வில் மனப்பாடம் எடுபடாது என்பதும் இங்கே சேர வேண்டும். நான்கு விடையும் சரியாக இருக்கும். எதை முதலில் செய்வாய் என்று கேட்பார்கள். பொறியியலிலும் சி.ஏ.விலும் முதல் வரிசையில் இருந்தவர்கள் முதல் மெட்-சர்ஜ் (பொது மருத்துவ, அறுவைச் சிகிச்சை நர்சிங்) தேர்வில் 70 வாங்கி அதிர்ந்து போவது இதனால்தான். பழகப் பழக வந்துவிடும், ஆனால் அதற்கு வாரங்கள் வேண்டும்.

தேர்ச்சி விகிதம் சொல்வதும் மறைப்பதும்

கல்லூரியின் இணையப் பக்கத்தில் பெரிதாக இருப்பது என்சிலெக்ஸ் முதல்முறைத் தேர்ச்சி விகிதம். அந்த எண்ணை மாநில நர்சிங் வாரியத்தின் தளத்தில் சரிபாருங்கள். ஒரு வருடத்தை மட்டும் பார்க்காமல் மூன்று வருடம் பாருங்கள். நாடு முழுதும் அமெரிக்காவில் படித்து முதல்முறை எழுதியவர்களின் தேர்ச்சி 2022-ல் சுமார் 80 சதவீதமாக இருந்தது. 2023 ஏப்ரல் 1 அன்று புதிய வடிவத் தேர்வு வந்தது. 2024-ல் தேர்ச்சி 91-ஐத் தொட்டது. ஆகவே ‘எங்கள் தேர்ச்சி 10 சதவீதம் கூடியிருக்கிறது’ என்று ஒரு கல்லூரி பெருமை பேசினால், ஊரோடு சேர்ந்து ஏறியதுதான் அது. நாட்டுச் சராசரிக்கு மேலா கீழா என்பதே கேள்வி. மாநில வாரியங்களும் வரம்பு வைத்திருக்கின்றன: கலிபோர்னியாவில் 75 சதவீதம், டெக்சாஸில் 80. அதற்குக் கீழே போன கல்லூரிக்கு எச்சரிக்கை நிலை வரும். வாரியக் கூட்டக் குறிப்புகளில் அது பதிவாகியிருக்கும்.

ஆனால் இந்த விகிதத்தை உயர்த்த ஒரு குறுக்கு வழி இருக்கிறது: தவறக்கூடியவர்களைத் தேர்வுக்கே அனுப்பாமல் இருப்பது. கடைசி டேர்மில் ஏடிஐ அல்லது ஹெசி முன்கணிப்புத் தேர்வு (உரிமத் தேர்வில் தேறுவாரா என்று முன்கூட்டிப் பார்க்கும் தேர்வு) வைத்து, அதில் குறித்த மதிப்பெண் வராதவருக்குப் பட்டச் சான்றை நிறுத்தி வைக்கும் கல்லூரிகள் உண்டு. எல்லாப் பாடமும் முடித்து, பணம் முழுதும் கட்டி, உரிமத் தேர்வு எழுத முடியாமல் மாதக்கணக்கில் நிற்பவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். அதனால் தேர்ச்சி விகிதத்தோடு கூடவே, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள் என்று கேளுங்கள்.

ஒரு கணக்கு. முதல் கல்லூரியில் 60 பேர் சேர்ந்து 38 பேர் முடித்து 36 பேர் தேர்ச்சி: விளம்பரத்தில் கிட்டத்தட்ட 95 சதவீதம். இரண்டாவதில் 60 பேர் சேர்ந்து 55 பேர் முடித்து 48 பேர் தேர்ச்சி: விளம்பரத்தில் 87. ஆனால் உள்ளே போனவர் நர்ஸாக வெளியே வரும் வாய்ப்பு முதலாவதில் 60 சதவீதம், இரண்டாவதில் 80. சேர்க்கை ஆலோசகர் என்று தொலைபேசியில் பேசுகிறவருக்கு இந்த எண் தெரியாமல் இருக்கலாம். பல ஏபிஎஸ்என் படிப்புகளுக்கு மாணவர் சேர்ப்பதே வெளி நிறுவனம்தான், பேசுகிறவர் விற்பனையாளர். நர்சிங் துறைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள்.

அங்கீகாரம் இரண்டு வகை, இரண்டும் வேண்டும். மாநில வாரியத்தின் ஒப்புதல் இல்லாவிட்டால் தேர்வே எழுத முடியாது. சிசிஎன்இ அல்லது ஏசிஇஎன் போன்ற தேசிய அமைப்பின் அங்கீகாரம் இல்லாவிட்டால் உரிமம் கிடைக்கும், ஆனால் பின்னால் முதுநிலைப் படிப்பு இடறும், சில பெரிய மருத்துவமனைகளும் ஏற்காது. ‘அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம்’, ‘வேட்பு நிலையில் இருக்கிறோம்’ என்பதெல்லாம் அங்கீகாரம் ஆகாது. அந்த அமைப்புகளின் தளத்தில் கல்லூரியின் பெயரையும் குறிப்பிட்ட பட்டத்தின் பெயரையும் தேடுங்கள். ஒரே கல்லூரியில் பிஎஸ்என்னுக்கு இருந்து ஏடிஎன்னுக்கு இல்லாமல் போகலாம்.

இதெல்லாம் சம்பிரதாயம் என்று நினைப்பவர்களுக்கு 2023 ஜனவரியில் வெளியான ‘ஆபரேஷன் நைட்டிங்கேல்’ நினைவிருக்கட்டும். தெற்கு ஃபுளோரிடாவில் மூன்று கல்லூரிகள் 7,600-க்கு மேற்பட்ட போலி நர்சிங் சான்றிதழ்களை விற்றிருந்தன. வாங்கியவர்களில் சுமார் 2,400 பேர் தேர்விலும் தேறியிருந்தார்கள். பல மாநிலங்களில் உரிமங்கள் பறிக்கப்பட்டன. ‘கிளினிக்கல் குறைவு, வேலையை விடாமலே முடிக்கலாம்’ என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சு அங்கேயே முடியட்டும்.

கிளினிக்கல் எங்கே, யார் ஏற்பாடு செய்கிறார்கள்

பாடங்கள் இணையத்தில், ஆய்வகமும் கிளினிக்கலும் நேரில் என்ற கலப்பு முறை இப்போது பரவலாகிவிட்டது. படிப்பின் தரத்தை இதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது கிளினிக்கல் இடங்கள். மெட்-சர்ஜ், பிரசவம், குழந்தைகள், மனநலம், முதியோர், சமூக சுகாதாரம் என ஒவ்வொன்றும் எந்த மருத்துவமனையில், எத்தனை மணி நேரம், ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்? மருத்துவமனையோடு ஒப்பந்தம் இப்போதே இருக்கிறதா, ‘போட்டுக்கொண்டிருக்கிறோமா’? பிரசவ வார்டும் குழந்தைகள் வார்டும்தான் எப்போதும் தட்டுப்பாடு. அந்த இரண்டில் நழுவலான பதில் வந்தால் மற்றவற்றையும் சந்தேகப்படலாம்.

கிளினிக்கலுக்குப் பதில் சிமுலேஷன் அறையில் பொம்மை நோயாளியோடு பயிற்சி என்பது ஏமாற்று அல்ல. மாநில வாரியங்களின் தேசியக் கூட்டமைப்பான என்சிஎஸ்பிஎன் 2014-ல் வெளியிட்ட ஆய்வு, தரமாக நடத்தினால் கிளினிக்கல் நேரத்தில் பாதிவரை சிமுலேஷனால் ஈடுகட்டலாம் என்றது. தரமாக நடத்துவது என்பதில்தான் விஷயம்: பயிற்சி பெற்ற ஆசிரியர், பிறகு உட்கார்ந்து அலசும் நேரம். ‘சிமுலேஷன்’ என்ற பெயரில் மடிக்கணினியில் பொத்தான் அழுத்தும் மென்பொருளை ஓட்டிவிட்டு மணி நேரத்தை எழுதிக்கொள்ளும் இடங்களும் உண்டு. கலிபோர்னியாவில் குறைந்தது 500 மணி நேரம் நேரடி நோயாளிக் கவனிப்பு, ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 30 மணி என்று சட்டமே சொல்கிறது. வேறு மாநிலத்தில் படித்தாலும் அந்த அளவை ஒரு முழக்கோலாக வைத்துக்கொள்ளலாம்.

பணம், விசா

முதல் இளநிலைப் பட்டம் வாங்கியவுடன் கூட்டரசின் பெல் மானியத்துக்கான தகுதி போய்விடுகிறது. ஏபிஎஸ்என் மாணவருக்குக் கூட்டரசுக் கடன் கிடைக்கும், ஆனால் இளநிலை அளவில்தான்: தனித்த மாணவருக்கு வருடத்துக்கு அதிகபட்சம் 12,500 டாலர். மொத்த உச்சவரம்பு 57,500. அமெரிக்காவில் முதல் பட்டத்துக்கு வாங்கிய கடனும் அதற்குள் அடங்கும். 65,000 டாலர் கட்டணத்தில் மிச்சத்தை வங்கியின் தனியார் கடன்தான் நிரப்ப வேண்டும். அதன் வட்டியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நேரடி எம்எஸ்என் பக்கம் போகிறவர்களுக்கும் முன்போல் தாராளம் இல்லை. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு கிராட் பிளஸ் என்ற முதுநிலை மாணவருக்கான கூட்டரசுக் கடன் கிடையாது.

கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால் கூட்டரசின் நர்ஸ் கோர் திட்டத்தைப் பாருங்கள். படிக்கும்போது உதவித்தொகை வாங்கி, பின் தட்டுப்பாடுள்ள இடத்தில் குறைந்தது 2 வருடம் பணி செய்வது ஒரு வழி. முடித்தபின் அப்படிப்பட்ட இடத்தில் 2 வருடம் வேலை செய்து கடனில் 60 சதவீதத்தை அடைத்துக்கொள்வது இன்னொன்று. மூன்றாம் வருடத்துக்கு மேலும் 25 சதவீதம்.

ஏடிஎன் முடித்து வேலையில் சேர்ந்தபின் இணையவழியில் ஆர்என்-பிஎஸ்என் (உரிமம் பெற்ற நர்ஸ் பிஎஸ்என் பட்டம் வாங்கும் படிப்பு) முடிப்பதற்குப் பல மருத்துவமனைகள் கட்டண உதவி தருகின்றன. வருடத்துக்கு 5,250 டாலர்வரை அதற்கு வரி இல்லை. பட்டம் இருப்பவருக்குப் பொதுப் பாடங்கள் கழிந்துவிடுவதால் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். ஆனால் உங்கள் ஊர் மருத்துவமனைகள் புது ஏடிஎன்காரர்களை எடுக்கிறார்களா என்று வேலை விளம்பரங்களில் பார்த்துக்கொள்ளுங்கள். பெருநகரங்களில் பிஎஸ்என் இல்லாத புதியவருக்குப் பெரிய மருத்துவமனை வாசல் திறப்பது கடினம். முதியோர் இல்லத்தில் தொடங்க வேண்டி வரலாம். நியூயார்க்கில் 2017 டிசம்பரில் வந்த சட்டம், ஏடிஎன்னோடு உரிமம் வாங்குகிறவர் 10 வருடத்துக்குள் நர்சிங் இளநிலைப் பட்டம் வாங்க வேண்டும் என்கிறது; வேறு துறைப் பட்டம் அதற்கு ஈடாகாது.

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான விசா) இருப்பவர்கள் முழுநேரம் படிக்கத் தடை இல்லை. பல மாநிலங்களில் உள்மாநிலக் கட்டணமும் கிடைக்கும். கூட்டரசுக் கடன் கிடையாது. தடுமாற்றம் வருவது படிப்பு முடிந்தபின்: வேலை அனுமதி அட்டை இல்லாமல் வேலை செய்ய முடியாது, அந்த அட்டைக்குத் துணைவரின் ஐ-140 (கிரீன் கார்டுக்காக அவருடைய நிறுவனம் போடும் மனு) ஒப்புதல் ஆகியிருக்க வேண்டும் (அல்லது அவர் எச்-1பியில் ஆறு வருட வரம்பு தாண்டி நீட்டிப்பில் இருக்க வேண்டும்). அட்டை இல்லாவிட்டால் சமூகப் பாதுகாப்பு எண்ணும் கிடையாது. அந்த எண் இல்லாமல் உரிமமே தராத மாநிலங்கள் இருக்கின்றன. கலிபோர்னியா ஐடிஐஎன் என்ற வரி அடையாள எண்ணை ஏற்கிறது. ஆனால் 40-க்கு மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்த காம்பாக்ட் ஒப்பந்தத்தின் பல்மாநில உரிமத்துக்கு சமூகப் பாதுகாப்பு எண் கட்டாயம். நர்ஸ் வேலைக்கே எச்-1பி வாங்கிக்கொள்ளலாம் என்பதும் பெரும்பாலும் நடக்காது, ஏனென்றால் சாதாரண ஆர்என் பணிக்கு இளநிலைப் பட்டம் கட்டாயத் தகுதி அல்ல. ஐ-140 நிலுவையில் இருக்கும் குடும்பம், ஒப்புதல் வரும் காலத்தையும் படிப்பு முடியும் காலத்தையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்துவிட்டு சேர்க்கைத் தேதியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இந்த நிலையில் 12 மாதப் படிப்பைவிட மெதுவான, மலிவான படிப்பே பொருந்திப் போகலாம்.

இடம் கிடைத்தபின் வரும் தடுப்பூசிப் பட்டியல்

சேர்க்கைக் கடிதத்துக்கும் முதல் கிளினிக்கலுக்கும் நடுவில் 6 முதல் 10 வாரம்தான் இருக்கும். அதற்குள் பின்னணிச் சரிபார்ப்பு, போதைப்பொருள் பரிசோதனை, அமெரிக்க இதய சங்கத்தின் பிஎல்எஸ் என்ற அடிப்படை உயிர்காப்புப் பயிற்சிச் சான்று (2 வருடம் செல்லும், முழுக்க இணையத்தில் எடுத்ததை ஏற்க மாட்டார்கள்), தடுப்பூசிப் பதிவுகள். சிறுவயதுத் தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தால் தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா, சின்னம்மை நான்குக்கும் ரத்தத்தில் டைட்டர் (நோய் எதிர்ப்பு இருக்கிறதா என்று காட்டும் அளவு) பார்த்துக்கொள்ளலாம். ஹெபடைட்டிஸ் பி-தான் ஆளைப் பிடிக்கும்: வழக்கமான மூன்று ஊசிக்கு 0, 1, 6 மாதம் என்று அரை வருடம் ஆகும். ஒரு மாத இடைவெளியில் இரண்டே ஊசியோடு முடியும் ஹெப்லிசாவ்-பி கிடைக்கிறதா என்று மருத்துவரைக் கேளுங்கள். காசநோய்ப் பரிசோதனையில் தோலில் ஊசி போடும் முறைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். நம்மில் அனேகமாக எல்லோருக்கும் கையில் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) தழும்பு உண்டு. அதனாலேயே தோல் சோதனை பாசிட்டிவ் காட்டி, மார்பு எக்ஸ்ரே, கடிதம் என்று வாரக்கணக்கில் இழுக்கலாம். குவான்டிஃபெரான் போன்ற ரத்தப் பரிசோதனையைப் பிசிஜி பாதிக்காது. ப்ரீரெக் படிக்கும்போதே இதையெல்லாம் தொடங்கிவிட்டால், சேர்க்கைக் கடிதம் வரும் நாளில் கோப்பில் பின்னணிச் சரிபார்ப்பும் போதைப்பொருள் பரிசோதனையும் மட்டும்தான் பாக்கி இருக்கும்.